தடுமாறாத கை

நகலறி அந்த வெள்ளிக்கிழமை பத்தொன்பதாவது வருஷத்தை முடித்திருந்தது. சண்முகவடிவுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. அதாவது மூன்று வாரம்.

கணக்கு எளிதுதான். அரசாங்கத்தின் அந்த இயந்திரம் வாரத்துக்கு ஒரு வருஷம் வீதம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிளஸ் டூ விடைத்தாள் கட்டுகளை அழிக்கக்கூடாது என்று எப்போதோ ஒரு கோர்ட் போட்ட உத்தரவை ரத்து செய்ய எல்லோரும் மறந்துவிட்டதால், மாநிலம் முழுக்கக் கிடங்குகளில் அவை குவிந்து கிடந்தன. எலி தின்றது போக மிச்சத்தை நகலறி ஒவ்வொரு தாளாக வாசித்தது. பார்த்து எழுதியவர்களின் பதிவெண்கள் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வெளியாகும். எண் வந்துவிட்டால் தேர்வு நேர்மைச் சட்டப்படி ஐந்து வருஷம் கடுங்காவல். அந்த மார்க்கை வைத்து வாங்கிய பட்டம் செல்லாது. பட்டத்தை வைத்து வாங்கிய வேலையும் செல்லாது. எப்போது எழுதினாய் என்பது பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை.

முதல் நாலைந்து வாரம் ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். பக்கத்து வீட்டுக்காரன் எப்படி இன்ஜினீயர் ஆனான் என்ற சந்தேகம் யாருக்குத்தான் இல்லை. பத்தாவது வாரத்தில் ஒரு தாசில்தாரை அவர் தம்பி கல்யாணப் பந்தியிலிருந்து, பாதிச் சாப்பாட்டில், கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு கொண்டாட்டம் கொஞ்சம் அடங்கி, வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கே ஆபீஸ்களில் பேச்சு நின்றுபோகத் தொடங்கியது.

வடிவுக்கு அந்த அமைதி ஒரு நாளோடு முடிகிற விஷயமாக இல்லை. திங்கட்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிடும். பாளையங்கோட்டையில் பாலங்கள் கட்டும் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளர் அவள். சைட்டுக்குப் போனால் ஜீப்பிலிருந்து இறங்குவாள், ஏறுவாள், எதையோ மறந்தது மாதிரி மறுபடி இறங்குவாள். வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் பருப்பு இரண்டு முறை கூழானது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

அவள் செய்தது பத்து மார்க் கணக்கு ஒன்று. கணிதத் தேர்வின் கடைசி அரைமணி நேரம். செத்துக் கிடக்கிற ஒருவரின் உடம்புச் சூட்டை இரண்டு தடவை அளந்து, அவர் எத்தனை மணிக்குச் செத்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வடிவுக்கு அந்த மனிதர் செத்தார் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பக்கத்து வரிசையில் ஜெபசீலி எழுதிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து வடிவின் உயிர்த்தோழி, பள்ளியின் முதல் மாணவி. பக்கத்தைத் திருப்புவதற்காக அவள் தாளை ஓரமாகத் தள்ளினாள். அது ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தது. வடிவு பார்த்தாள். சாய்வாகத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு வரியை அள்ளிக்கொண்டாள். ஜெபசீலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பத்து மார்க் இல்லையென்றால் அரசுக் கல்லூரியில் இடம் இல்லை. வேலை இல்லை, ஜீப் இல்லை, அலுவலகத்தில் சந்தித்துக் கட்டிக்கொண்ட நெல்லையப்பனும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. நெல்லையப்பனிடமும் சொல்லவில்லை, ஜெபசீலியிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெல்லையப்பன் அவளைக் கட்டாயப்படுத்திப் பொருட்காட்சிக்கு அழைத்துப் போனான். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து தரையைத் தேய்க்காதே என்றான். அரசுத் துறை அரங்குகள் வரிசையில் மீன்வளத்துறைக்கும் சிறைத்துறைக்கும் நடுவில் நகலறிக்கு ஒரு அரங்கு போட்டிருந்தார்கள். பெரிய டெல்லி அப்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு வரி எழுதிக் கொடுத்தால், சொந்தமா நகலா என்று இயந்திரம் சொல்லும். பச்சை விளக்கு எரிந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அரங்கில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் இன்பராஜ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாத்தியாராக இருந்தவர் என்பது அவர் சாக்பீஸைத் தேடுவதுபோல் விரலை உருட்டுவதிலேயே தெரிந்தது.

“யோசிச்சு எழுதுத கை, யோசனை வார எடத்துல நிக்கும். ஒரு சொல்லுக்கு நடுவுலகூட நிக்கும்” என்றார். “பாத்து எழுதுத கை அப்படியில்ல. கண்ணு போயி அள்ளிக்கிட்டு வார நேரத்துக்கு நிக்கும். அஞ்சாறு சொல்லுக்கு ஒரு தடவ, தாளம் போட்ட மாதிரி. பேனா நிக்கிற எடத்துல மை துளி அதிகமா எறங்கும், தாள்ல பள்ளம் ஆழமா விழும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. இது கண்ணுக்குத் தெரியும்.”

“மனப்பாடம் பண்ணி எழுதியிருந்தா என்ன செய்யும் சார்?” என்றான் நெல்லையப்பன். “நாங்கல்லாம் அப்படித்தான பாஸானோம்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்பராஜும் சிரித்தார்.

“அத யோசிக்காமலா இருப்பாங்க. மனப்பாடம் பண்ணுனவன் எங்கயாவது தடுமாறுவான் சார். மறந்துபோயி, முந்தின வரிக்குப் போயி, அங்கேருந்து புடிச்சுக்கிட்டு வருவான். அந்தத் தடுமாத்தம் இருந்துச்சுன்னா இது விட்ரும். தடுமாறாம மனப்பாடம் எழுதுத மனுஷன் ஒலகத்துல கெடையாதுன்னு நிபுணர் குழு எழுதிக் குடுத்திருக்கு.” வடிவைப் பார்த்து ஒரு தாளை நீட்டினார். “நீங்க ரெண்டு வரி எழுதுங்க மேடம்.”

“கையெல்லாம் எண்ணெய்” என்றாள் வடிவு.

அப்பளத்தை அவள் தொடவே இல்லை என்பதை நெல்லையப்பன் கவனித்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தது. வடிவு அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நின்றுகொண்டே பட்டியலைத் திறந்தாள். நான்கு மணி ஏழு நிமிஷத்துக்குத் திறந்தது. தன் எண்ணைத் தேடினாள். இல்லை. மறுபடி தேடினாள், ஒவ்வொரு இலக்கமாக அடித்துத் தேடினாள். இல்லவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு யோசித்தபோது காரணம் விளங்கியது. ஒழுங்காகப் பார்த்து எழுதியிருந்தால் மாட்டியிருப்பாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது பாதி, மறைந்தது பாதி. மறைந்ததையெல்லாம் பயந்து பயந்து, ஊகித்து, அடித்துத் திருத்தி நிரப்பியிருந்தாள். அந்தத் தடுமாற்றத்தை இயந்திரம் யோசனை என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

பிறகுதான் பட்டியலில் தன் எண் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே பார்த்தாள். அவள் எண்ணுக்கு ஐந்து எண் முந்தியது. தேர்வு அறையில் பக்கத்து வரிசை எண்.

போன் அடித்தது.

“ஏட்டி வடிவு” என்றாள் ஜெபசீலி. பின்னால் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. “லிஸ்ட்டு பாத்தியா? என் நம்பர் இருக்குட்டி. ஆறு பாடத்துலயும் போட்டிருக்கான். ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு போல. ரெண்டு நாள்ல சரியாயிரும், என்னா?”

“சரியாயிரும்” என்றாள் வடிவு.

சரியாகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, குழந்தைகள் வார்டில் ரவுண்ட்ஸ் முடித்து டீ குடிக்க வந்த டாக்டர் ஜெபசீலியை வாசலில் வைத்துக் கைது செய்தார்கள். ஜாமீனில் வெளியே வர ஒன்பது நாள் ஆனது. அவளுக்குப் பதிலாக வார்டைப் பார்த்துக்கொண்டவர் எலும்பு மருத்துவர். அவர் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்ததாகவும் பிள்ளைகள் அவரைப் பார்த்துப் பயந்ததாகவும் நர்ஸ்கள் சொன்னார்கள்.

ஜெபசீலிக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவள் படித்த விதம் தெரிய வேண்டும். சண்டே ஸ்கூல் மனப்பாட வசனப் போட்டியில் ஏழு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவள். பைபிளின் சங்கீதங்களை முன்னாலிருந்தும் சொல்வாள், பின்னாலிருந்தும் சொல்வாள். பள்ளிப் பாடத்தையும் அதே மாதிரிதான் படித்தாள். மொட்டைமாடியில் இந்தக் கைப்பிடிச் சுவருக்கும் அந்தக் கைப்பிடிச் சுவருக்கும் நடந்து, சத்தம் போட்டு, ஒரு தடவை. இரண்டாவது தடவை அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. கணக்குப் பத்து மார்க் விடைப் புத்தகம் முழுவதும், எந்தப் படி எந்தப் பக்கத்தில் எந்த வரியில் முடிகிறது என்பதுவரை, அவள் தலைக்குள் அச்சடித்து இருந்தது. தேர்வில் அதைப் பார்த்து எழுதினாள், அவ்வளவுதான். பார்த்த இடம் கையில் இல்லை, மண்டையில் இருந்தது. அவள் பேனா ஒவ்வொரு வரியின் முடிவிலும் நின்று அடுத்த வரியை அள்ளிக்கொண்டு வந்தது. எங்கேயும் தடுமாறவில்லை.

“உலகத்துல அப்படி மனுஷன் கெடையாதுன்னு எழுதியிருக்கானே, ஒருத்தி இருக்காளேன்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்” என்றாள், வடிவு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது. உட்காரவில்லை. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் நடந்துகொண்டே பேசினாள். “நான் படிச்சதுதாண்டி குத்தம். ஒழுங்காப் படிச்சதுக்கு ஒருத்திக்கு ஜெயிலு.”

வக்கீல் தாவீது சாப்பாட்டு மேசையில் ஃபைலைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோர்ந்துபோன மனிதர். இந்தச் சட்டத்தில் இதுவரை முப்பத்தொரு வழக்கு நடத்தி முப்பத்தொன்றிலும் தோற்றவர். இவரைத்தான் எல்லோரும் அனுபவசாலி என்றார்கள்.

“இவங்க நேர்ல எழுதிக் காட்டலாம்லா சார்?” என்று கேட்டாள் வடிவு.

“எழுதிக் காட்டுனோமே” என்றார் தாவீது. “கோர்ட்டுல, ஜட்ஜம்மா முன்னால. புத்தகத்தத் தெறந்து எந்தப் பக்கம் வேணும்னு கேட்டோம். டாக்டரம்மா கமா விடாம எழுதுனாங்க. இயந்திரத்துல குடுத்தா நகல்னு சொல்லுச்சு. அப்ப இயந்திரம் தப்புன்னு நான் சொன்னேன். அரசு வக்கீலு, இல்ல, இந்த அம்மா இப்பவும் எங்கயோ பாத்துதான் எழுதுதாங்கன்னு சொல்லி, கம்மல், கண்ணாடி, வாட்சு எல்லாத்தையும் கழத்தச் சொன்னாரு. ஒண்ணும் கெடைக்கல. ஒண்ணும் கெடைக்காத மாதிரி ஒளிக்கத் தெரிஞ்சவங்கன்னு எழுதிக்கிட்டாங்க.”

“அப்ப வேற வழியே கெடையாதா?”

“ஒண்ணு இருக்கு. பதினாறாம் பிரிவு.” அவர் ஃபைலை மூடினார். “அதே வருஷம் பாத்து எழுதிட்டு, நகலறி விட்டுட்ட ஆளு யாராவது, தானா வந்து, நான் பாத்துதான் எழுதுனேன்னு கோர்ட்டுல கையால எழுதிக் குடுக்கணும். அப்ப இயந்திரம் தப்பு பண்ணும்னு ஆயிரும். அந்த வருஷத்து லிஸ்ட்டு மொத்தமும் ரத்தாயிரும். டாக்டரம்மா மட்டுமில்ல, நாலாயிரம் பேரு வெளிய வருவாங்க. எழுதிக் குடுத்த ஆளு மட்டும் உள்ள போவாரு. அஞ்சு வருஷம்.” அவர் தண்ணீர் குடித்தார். “அதுவும் எழுதுன வாக்குமூலத்த நகலறியே சொந்த எழுத்துன்னு ஒத்துக்கணும். துட்டு வாங்கிக்கிட்டு அடுத்தவன் பழியத் தலையில போட்டுக்கிற ஆளுக ஏகப்பட்ட பேரு வந்துட்டாங்க, அதனால இந்த நிபந்தனை. எப்படியும் அப்படி ஒரு ஆளு வரப் போறதில்ல. தப்பிச்சவன் எவன் திரும்பி வருவான்?”

வடிவு ஜெபசீலியைப் பார்த்தாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஒருவேளை தனக்கே தெரியாமல், எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டால் அந்தச் செத்தவர் கணக்கு. உடல் வெப்பநிலை, அறை வெப்பநிலை, கழிந்த நேரம். இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு எண்கூட மாறாமல்.

வடிவின் மகனுக்கு மூன்று வயதில் நெஞ்சுச்சளி முற்றி மூச்சு நின்றுபோகிற நிலை வந்தபோது நான்கு நாள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் இவள். அப்போதும் மருந்து அளவுகளைப் புத்தகத்தில் பார்க்காமல் இதே மாதிரி முணுமுணுத்துச் சொன்னாள். வடிவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தாள், படியில் பாதி இறங்கினாள், திரும்ப ஏறினாள், மறுபடி இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நெல்லையப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். கடைசிவரை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினான்.

“பொருட்காட்சியிலயே நெனச்சேன்” என்றான். “சரி. இப்ப என்ன செய்யணும்னு சொல்லுத?”

“எழுதிக் குடுக்கணும்.”

“பிள்ளைக்கு பன்னண்டு வயசு. நீ வரும்போது பதினேழு. அவன் பிளஸ் டூ எழுதுத வருஷம்.” அவன் மடித்த துணிகளை அலமாரியில் வைத்தான். “ஜெபசீலி ஒன்னய கேட்டாளா?”

“அவளுக்குத் தெரியாது.”

“அப்ப பேசாம இரு வடிவு. நான் சொல்லுதது நியாயம் இல்லதான். ஆனாலும் பேசாம இரு.”

அவள் ஐந்து நாள் பேசாமல் இருந்தாள். அந்த ஐந்து நாளும் அவளுக்கு உள்ளே வாய் மூடவில்லை. சிமெண்ட் கலவை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, அந்த வாக்குமூலத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ‘நான், சண்முகவடிவு, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த மேல்நிலைப் பொதுத்தேர்வில், கணிதத் தாளில், பக்கத்து வரிசையில் இருந்த மாணவியின் விடைத்தாளை அவர் அறியாமல் பார்த்து.’ அவர் அறியாமல் என்பதை எங்கே வைப்பது என்பதற்கே இரண்டு நாள் போனது. காட்டியவருக்கும் அதே தண்டனை உண்டு. ஆகையால் அந்தச் சொற்கள் விட்டுப்போகக் கூடாது. நடுவில் அழுதுவிடக் கூடாது, எதையும் மறந்துவிடக் கூடாது. வாழ்க்கையில் எதையும் உருப்போடத் தெரியாத வடிவு அதை நூறு தடவைக்கு மேல் உருப்போட்டாள். ஆறாம் நாள் நெல்லையப்பன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மகனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

தாவீது கோர்ட் வாசலில் அவளை நம்பமுடியாமல் பார்த்தார். முப்பத்தொரு தோல்விக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷப்படவும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“எங்கயாவது எழுதி வச்சுப் படிச்சீங்களா மேடம்? ட்ராஃப்ட்டு, நோட்டு, மொபைலு?”

“ஒரு வரிகூட எழுதல சார்.”

“யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?”

“யாரு சொல்லிக் குடுப்பா? நடந்தது எனக்கு மட்டும்தான தெரியும்.”

“அப்ப கவலையே இல்ல” என்றார் தாவீது.

நீதிபதி திரிபுரசுந்தரி கெட்டவர் இல்லை. வழக்குகளின் எண்ணிக்கையால் முகம் வற்றிப்போன பெண்மணி. பதினாறாம் பிரிவில் யாரோ வந்திருப்பதாகச் சொன்னதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வடிவை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். குற்றவாளிக் கூண்டில் நின்ற ஜெபசீலியும் பார்த்தாள். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இது உங்களுக்கு என்ன செய்யும்னு தெரியுமா?” என்று கேட்டார் நீதிபதி.

“தெரியும் அம்மா.”

தாள் கொடுத்தார்கள். பேனா கொடுத்தார்கள். வடிவு உட்கார்ந்து எழுதினாள். ஒரே மூச்சில், ஒன்றேகால் பக்கம். கை நடுங்கவில்லை. அவர் அறியாமல் என்ற சொற்கள் வர வேண்டிய இடத்தில் வந்தன. எழுதி முடித்தபோது மூன்று மாதமாக இல்லாத ஒரு லேசு உடம்பில் தெரிந்தது.

மேசைக்குப் பக்கத்தில் இருந்த இயந்திரத்தில் தாளைச் செருகியவர் இன்பராஜ். அவளைப் பொருட்காட்சியில் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை. திரையைப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார்.

“நகல்” என்றார்.

“என்ன சார் நகலு?” என்று எழுந்துவிட்டார் தாவீது. “கண்ணு முன்னால எழுதுனாங்க.”

“ஆறு சொல்லுக்கு ஒரு நிறுத்தம். தடுமாத்தம் ஒண்ணுகூட இல்ல.” இன்பராஜின் குரலில் வருத்தம் இருந்தது. “யாரோ எழுதிக் குடுத்ததத்தான் இவங்க எழுதியிருக்காங்க அம்மா.”

வடிவு இன்னொரு தாள் கேட்டாள். நீதிபதி யோசித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார். வடிவு சொற்களை மாற்ற முயன்றாள். ஆனால் அவளிடம் வேறு சொற்கள் இல்லை. ஐந்து நாளில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தவை மட்டும்தான் கைக்கு வந்தன. இரண்டாவது தாளையும் இயந்திரம் நகல் என்றது. முதல் தாளைவிட உறுதியாகச் சொல்கிறது என்று இன்பராஜ் சேர்த்துக்கொண்டார்.

“பொய் வாக்குமூலத்துக்கு மூணு மாசம் தண்டனை உண்டு” என்றார் நீதிபதி. “தோழி மேல உள்ள பிரியத்துல செஞ்சதா எடுத்துக்கிட்டு எச்சரிச்சு விடுறேன். போங்கம்மா.”

“நான் சொல்லுதது உண்மை அம்மா.”

“இருக்கலாம். ஆனா அது உங்க உண்மைன்னு காட்ட எங்கிட்ட எதுவும் இல்லையே.”

வடிவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். “இன்னும் ஒரே ஒரு தாளு” என்று கேட்டாள். அவளைப் பிடித்து வெளியே விட வந்த பெண் போலீஸை நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

இந்தத் தடவை அவள் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. பேனாவைத் தாளில் வைத்து, கை போன இடத்துக்கு அதன் பின்னாலேயே போனாள். நின்றாள். ஒரு சொல்லை அடித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அடித்தாள். ஐந்தாறு வரி எழுத கால்மணி நேரம் ஆனது. எழுதியதைத் திருப்பிப் படிக்காமல் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் என்ன எழுதினோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையை நீட்டித் திரும்ப வாங்கப் போனாள். தாள் அதற்குள் உள்ளே போய்விட்டது.

“சொந்த எழுத்து” என்றார் இன்பராஜ். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சந்தேகமே இல்லம்மா. முழுக்க முழுக்கச் சொந்தம்.”

தாவீது கண்ணை மூடிக்கொண்டு கர்த்தருக்கு நன்றி சொன்னார். நீதிபதி தாளைப் பெஞ்ச் கிளார்க்கிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதையும் எப்போதும் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

“சீலி நம்பரை லிஸ்ட்டில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் நம்பர் இல்லை என்பதால் இல்லை. அது வேறு. இருபத்திரண்டு வருஷமாக அவள் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் நான் மட்டும் திருடி. அன்றைக்கு அவளும் திருடி ஆனாள். அவள் போன் பண்ணியபோது குரலை வருத்தமாக வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அவளைக் கைது செய்தபிறகுகூட ஒரு நாள் நன்றாகத்தான் தூங்கினேன்.”

கிளார்க் தாளைப் புரட்டிப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத நீங்கதான் எழுதினீங்கன்னு கோர்ட் ஏத்துக்குது” என்றார். “ஆனா இதுல தேர்வுல பார்த்து எழுதினதா ஒரு வரியும் இல்ல. திருடின்னு இருக்கு, எதத் திருடினீங்கன்னு இல்ல. சந்தோஷப்பட்டது சட்டப்படி குற்றம் ஆகாது. வழக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

மறுபடி எழுதுகிறேன் என்று சொல்ல வடிவு வாயைத் திறந்தாள். தாவீது அவள் தோளைத் தொட்டு வேண்டாம் என்று தலையசைத்தார். பதினாறாம் பிரிவில் ஒருவருக்கு மூன்று தாள்தான். அரைமணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. ஐந்து வருஷம், பட்டம் ரத்து. தாவீதுக்கு அது முப்பத்திரண்டாவது.

வராந்தாவில் வேன் வரும்வரை ஜெபசீலியைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வடிவு போய் முன்னால் நின்றாள். உட்காரத் துணியவில்லை, போகவும் முடியவில்லை. என்ன சொல்வதென்று அவளுக்கு இந்தத் தடவை எதுவும் தயாராக இல்லை.

“உக்காரேன்ட்டி” என்றாள் ஜெபசீலி. அவள் கோபமாக இல்லை. அதுதான் வடிவுக்குத் தாங்கவில்லை. “அந்தச் செத்தவன் கணக்க என்னயப் பாத்துதான் எழுதுனியா?”

“ஆமாட்டி. சத்தியமா.”

“சத்தியம் எதுக்கு? நான் நம்புதேன். ஜெயிலுக்குப் போக வந்தேல்லா, அதுவே போதும். அந்த மொதத் தாளுதான் நீன்னு வச்சுக்கிடுதேன்.”

பெண் போலீஸ் எழுந்திருக்கச் சொன்னாள். ஜெபசீலி எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு எட்டு நடந்தவள் நின்றாள். உதடு அசைந்தது. வடிவுக்கு எவ்வளவோ நாளாகப் பழகிய முணுமுணுப்பு அது. ‘குரலை வருத்தமாக வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.’ ஒரு சொல் மாறவில்லை, எங்கேயும் தடுமாறவில்லை.

“அந்த மூணாவதத்தான் மறக்கணும்” என்றாள் ஜெபசீலி. “அதுக்கு எனக்கு வழி தெரியலட்டி வடிவு.”